ஆவுளியா (கடற்பசு) கணக்கெடுப்பு: பாக் விரிகுடாவின் மூன்று ஊர்க்காரர்கள் சொல்லும் அனுபவங்கள்

மல்லிப்பட்டினம்:
வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிந்த பிறகே இறங்குங்கள். அலை உடைந்து வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஆவுளியா மூச்செடுக்க வரும்போது பெரும்பாலும் மூக்குதான் வெளியே வரும், அதுவும் ஓரிரு நொடி. நுரைக்குள் அது கண்ணுக்கு அகப்படாது. முதுகில் துடுப்பு இருந்தால் ஓங்கில் (டால்பின்). துடுப்பு இல்லையென்றதும் ஆவுளியா என்று எழுதிவிடாதீர்கள். முதுகுத் துடுப்பே இல்லாத சிறு ஓங்கில் வகையும் இங்கே உண்டு. வாலை வைத்தும் அவசரப்பட வேண்டாம், இரண்டுக்கும் படுக்கை வாட்டம்தான். மூக்கைப் பாருங்கள்: ஆவுளியாவுக்கு முக நுனியில் இரண்டு துளை, ஓங்கிலுக்கு உச்சந்தலையில் ஒன்று.

தொண்டி:
அண்ணன் சொன்னது படகுக்குச் சரி. ட்ரோனில் பாடு வேறு. 2022இல் அறிவித்த ஆவுளியா காப்பகமே 448 சதுர கிலோமீட்டர். சம இடைவெளிக் கோடுகளில் பறந்து மீதியைக் கணித்தாக வேண்டும். கேமரா நேர்கீழே பார்க்கட்டும். உச்சி வெயிலில் தண்ணீர் மினுங்கிப் படம் வெளுத்துவிடும், காலையிலேயே முடியுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது மறையும் ஆழத்தைக் குறியுங்கள். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாததைச் சுழியம் என்று எழுதுவது பெரிய பிழை. அது "பார்க்க முடியவில்லை" என்றுதான் பதிவாக வேண்டும். தெளிந்த தண்ணீரிலும் ட்ரோன் கடக்கும் சில நொடியில் விலங்கு அடியில் மேய்ந்துகொண்டிருக்கலாம். அதற்கான திருத்தம் இல்லாமல் எண்ணிக்கையை வெளியிட்டால் குறைவாகத்தான் வரும்.

மணமேல்குடி:
விலங்கைக் காணாத நாளிலும் அது கடற்புல் மேய்ந்த தடம் பேசும். 50 மீட்டர் கயிறு, அரை மீட்டர் சதுரச் சட்டம், முக்குளிக்கும் கண்ணாடி போதும். தடம் 10 முதல் 25 சென்டிமீட்டர் அகலத்தில் வளைந்து போகும். இலையோடு கிழங்கும் வேரும் பிடுங்கப்பட்டிருக்கும். நங்கூரமும் இழுவலையும் கிழித்த கோடு பெரும்பாலும் நேராக நீளும். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, ஆழம், புல் வகை, இரு முனையின் ஜிபிஎஸ் எழுதுங்கள். தடத்தை எண்ணித் தலையாக மாற்றாதீர்கள். நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் தின்னும் விலங்கு. ஒன்றே பல தடம் போடும்.

மல்லிப்பட்டினம்:
ஒன்று விட்டுப்போச்சு. குட்டியோடு தாயைக் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, தனி வரியில் பதியுங்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். படம் வேண்டுமென்று துரத்தினால் குட்டி தாயை விட்டுப் பிரியும். மூச்சு வாங்கவும் விடாமல் செய்கிறோம்.