டிராவல் பக் போக வேண்டிய கடற்கரை நடுக்கடலில் காட்டுகிறது, அவசர உதவி

உச்சிப்புளி | வியாழன் இரவு 9.40
வணக்கம். ஞாயிறு காலை கிளம்ப வேண்டும், அதனால்தான் அவசரம். என்னிடம் ஒரு டிராவல் பக் இருக்கிறது, அதாவது ஒளித்துவைத்த பெட்டிகளை இட எண் கொண்டு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போகும் எண் பொறித்த தகடு. இணையத்தில் அதற்கான பக்கத்தில் கொடுத்திருக்கும் இடத்தைப் போனில் போட்டால் நடுக்கடலைக் காட்டுகிறது. 3 முறை போட்டுவிட்டேன், அதே கடல்தான். அக்கா மகளிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவள் பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். எங்கே தப்பு செய்கிறேன்? தகட்டின் படம் கீழே.

மணல்நண்டு | 9.52
எந்தக் கடற்கரை? எந்த ஆப்? எண்ணை இங்கே எழுதினால்தானே பார்க்க முடியும்.

நெறியாளர் | 9.55
படத்தை எடுத்துவிட்டேன். தகட்டில் பொறித்திருக்கும் எண்ணை எங்கும் வெளியிடாதீர்கள். அது தெரிந்தால் தகட்டைக் கண்ணால் பார்க்காதவர்கூடப் பார்த்ததாகப் பதிவு போட்டுவிடலாம். டிபி (TB) என்று தொடங்கும் பொது எண்ணைச் சொன்னால் போதும்.

திசைகாட்டி | 10.03
வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். இடத்தின் எண் இல்லை, ஆப் பெயர் இல்லை, தகடு யாருடையது என்பதும் இல்லை. மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன எழுதிக் கொடுப்பார்? ஒட்டிவைத்திருக்கும் முதல் இழையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

முந்தல் முனை | 10.10
தனுஷ்கோடிப் பக்கமாக இருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது. அதற்குப் பிறகும் கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை, போன வருடம் நடந்த மணலில் இந்த வருடம் தண்ணீர் நிற்கும். யாரோ பழைய வரைபடத்தைப் பார்த்துக் குறித்திருப்பார்கள்.

ரோமிங் | 10.14
கரை இல்லை, டவர்தான் காரணம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் என் போனுக்கு இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்தது. டவர் மாறினால் இடமும் மாறத்தான் செய்யும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பாருங்கள்.

மணல்நண்டு | 10.20
ரோமிங், இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள். டவர் மாறினால் பில் வேண்டுமானால் மாறும், கரை மாறாது. அவர் வீட்டில் இருந்துகொண்டுதானே எண்ணைப் போடுகிறார்? உச்சிப்புளி, இருக்கிறீர்களா?

உச்சிப்புளி | 10.48
மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். வீட்டிலிருந்துதான் பார்க்கிறேன். மச்சான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஓமானில் ராஸ் அல் ஜின்ஸ் போனபோது கூட வந்த ஒருவர் அவரிடம் இதைக் கொடுத்தாராம். தகட்டோடு விரல் அளவில் ஒரு மர ஆமை தொங்குகிறது, முதுகில் பச்சைப் பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. முதலில் விட்டது கோஸ்டா ரிகாவில் ஒஸ்டியோனல் என்ற கடற்கரையில். ஆமைகள் கரையேறும் கடற்கரைகளை எல்லாம் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அடுத்தது நம் ஊர் என்று உரிமையாளரே எழுதியிருக்கிறார். வடக்கு 9° 10.500, கிழக்கு 79° 25.100. கூகுள் மேப்பில் 9.10500, 79.25100 என்று போட்டேன்.

அளவுச்சங்கிலி | 10.59
கிடைத்துவிட்டது, அண்ணே. ஜியோகேச்சிங்கில் எண்ணை எழுதுவது பாகையும் (டிகிரி) நிமிடமுமாக. 10.500 என்பது பத்தரை நிமிடம், தசமப் பின்னம் அல்ல. ஒரு பாகைக்கு 60 நிமிடம். 10.5ஐ 60ஆல் வகுத்தால் 0.175, அதனால் 9.175. அதே மாதிரி 25.1ஐ வகுத்தால் 0.41833, அதனால் 79.41833. இதைப் போட்டுப் பாருங்கள், தனுஷ்கோடிப் பழைய ஊர்ப் பக்கம் வரும். நீங்கள் போட்ட எண் பாம்பன் பக்கம் குந்துகாலுக்குத் தெற்கே ஆண் கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில் விழுகிறது, சரியான இடத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி. நில அளவையில் வேலை பார்ப்பவள் நான். புதிதாகச் சேருகிறவர்கள் செய்கிற முதல் தப்பே இதுதான். பாகைக் குறியை விடாமல் அப்படியே தட்டச்சு செய்தாலும் மேப் புரிந்துகொள்ளும்.

திசைகாட்டி | 11.06
இதைத்தான் முதல் இழையில் படிக்கச் சொன்னேன். இன்னொன்று, தகடு இன்னும் மச்சான் கணக்கில்தான் இருக்கும். தகடு இப்போது உங்கள் கையில் என்று சொல்லும் "கிராப்" பதிவை நீங்கள் போடாமல் எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் பயணம் அதன் கணக்கில் ஏறாது.

ரோமிங் | 11.09
சரி, டவர் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

உச்சிப்புளி | 11.15
வந்துவிட்டது! மணல் தெரிகிறது! அளவுச்சங்கிலி அக்கா, ரொம்ப நன்றி. ஒரு கேள்வி. தகட்டை அங்கேயே மணலில் புதைத்து வைத்துவிட்டு வரலாமா? அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார் இல்லையா?

தெற்குவாடி | வெள்ளி காலை 5.30
தம்பி, அது மட்டும் வேண்டாம். தை பிறந்ததிலிருந்தே, பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட ஏறுகிற மணல் அது. வனத்துறை ஆட்கள் விடியும் முன்னே தடம் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ஆமை பின்காலாலேயே ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி அகன்ற குடம் மாதிரி குழி பறித்து நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுப் போயிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். நீங்கள் தோண்டுகிற இடத்திலேயே அது இருக்கலாம். முட்டை ஓடு கோழி முட்டை மாதிரி இருக்காது, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும், விரல் பட்டாலே குழியும்.

மணல்நண்டு | 6.40
ஜியோகேச்சிங் விதியும் அதையேதான் சொல்கிறது. இடத்துக்கு உரியவர் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டவே கூடாது. தகட்டை விட்டுவிட்டு வரத் தேவையும் இல்லை. பெட்டியில் போடாமல் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வருவதற்கு "விசிட்" என்றே ஒரு பதிவு இருக்கிறது. ஆனால் அதைப் போட அங்கே ஒரு பெட்டி பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படமும் குறிப்பும் போடுங்கள், உரிமையாளருக்கு அதுவே போதும்.

வாடைக்காற்று | 7.15
தெற்குவாடி அண்ணே, வனத்துறை முட்டையை எடுத்துப் பொரிக்கவைக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோவதே எனக்குச் சரியாகப் படவில்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் கூடும். தாய் பார்த்து வைத்த இடத்தைவிட நாம் போட்ட வேலிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இட்ட இடத்திலேயே கம்பி வலை போட்டுக் காக்கலாமே.

தெற்குவாடி | 7.50
சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். நாய் மோப்பம் பிடித்து ஒரே இரவில் குழியைக் காலி செய்துவிட்டுப் போகும். கடல் ஏறினால் மிச்சமும் போகும். காலையில் பிய்ந்த முட்டைத் தோலைக் கையில் எடுத்துப் பார்த்தவன் நான். கொட்டகையில் கீற்று வேய்ந்தால் சூட்டைக் குறைக்கலாம். நாயிடம் என்ன சொல்லிக் குறைப்பது?

வாடைக்காற்று | 8.05
வலைக்குள் நாய் எப்படி வரும்?

தெற்குவாடி | 8.20
வலைக்குக் கீழே தோண்டி வரும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஆளை 50 நாள் நிறுத்த முடியுமா? உங்கள் கவலை நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முட்டை மிஞ்சினால்தானே ஆணா பெண்ணா என்று பேசலாம்.

நெறியாளர் | 8.30
இருவரும் தனி இழை தொடங்குங்கள், நல்ல விவாதம். இங்கே உச்சிப்புளியின் பயணத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

முந்தல் முனை | 9.02
இருட்டும் முன்னே திரும்பிவிடுங்கள், அதற்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். குஞ்சு விடுகிற நேரத்தில் போக நேர்ந்தால் பாப்பாவிடம் போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று நம்பி ஆமைக்குஞ்சு ஓடும்.

அளவுச்சங்கிலி | 9.20
போய்விட்டு வந்து எழுதுங்கள் அண்ணே, காத்திருப்பேன்.

அளவுச்சங்கிலி | செவ்வாய் இரவு 8.10
என்ன ஆயிற்று?

உச்சிப்புளி | வியாழன் மதியம் 1.25
மன்னிக்கவும், வேலை. போய்விட்டு வந்தோம், இடம் சரியாக இருந்தது. ஆமையைப் பார்க்கவில்லை. தண்ணீரிலிருந்து மேடு வரை ஏறித் திரும்பிய தடம் ஒன்று அழியாமல் கிடந்தது, இடமும் வலமும் மாறி மாறித் துடுப்பு போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் விழுந்திருந்தால் பேராமை, மாறி மாறி விழுந்தால் பங்குனி ஆமை என்று வனத்துறைக் காவலர் ஒருவர் பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். குழியில் முட்டையை விடியும் முன்னே எடுத்துவிட்டார்களாம். மர ஆமையைத் தடத்துக்குப் பக்கத்தில் அவள் உள்ளங்கையில் வைத்தே படம் எடுத்தோம், மணலில் வைக்கவில்லை. கிராப் போட்டுவிட்டேன், படமும் ஏற்றிவிட்டேன். அடுத்தது ஒடிசாவில் ருஷிகுல்யா என்று உரிமையாளர் பதில் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

தெற்குவாடி | 2.40
என் மைத்துனன் பாராதீப் துறைமுகத்துக்கு அடுத்த மாதம் போகிறான். கேட்டுச் சொல்கிறேன் தம்பி.