காவ்யா கல்யாணத் தேதி – ‘மேலத்தெரு குடும்பம்’ குழு

சுந்தரம் பெரியப்பா: மாப்பிள்ளை வீட்ல ஐப்பசி 5 கேக்கறாங்க. மண்டபத்துக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். எல்லாரும் பதில் போடுங்க.

லலிதா அத்தை: பேஷ். தலை தீபாவளி கையோட வந்துடும் 🪔

மாலதி: அண்ணா, அக்டோபர் நடுவுல காவ்யாவுக்கு போர்டு எக்ஸாம்

லலிதா அத்தை: பத்தாங்கிளாஸா?

கிஷோர்: 😂😂

லலிதா அத்தை: அமெரிக்காவுல குழந்தை டாக்டர் பரீட்சையில பாதிப் பேரை வேணும்னே ஃபெயில் போடறானாமே. ஃபீஸ் வசூலுக்கு.

கிஷோர்: அருண் அண்ணா டைப்பிங்…

கிஷோர்: இன்னும் டைப்பிங்…

அருண்: பாதி இல்ல அத்தை. முதல் தடவை எழுதறவங்கள்ல 2018-ல 100-க்கு 91 பேர் பாஸ், 2022-ல 80. இறங்கினது நிஜம். ஆனா இத்தனை பேரைத் தள்ளணும்னு கோட்டா கிடையாது. 300-க்கு 180 வாங்கினா பாஸ், அவ்வளவுதான். 2022-ல எழுதினவங்க பயிற்சியில இருந்தப்ப கொரோனா. ஸ்கூல் மூடி, குழந்தைகளுக்குச் சளி, மூச்சிரைப்பே குறைஞ்சு வார்டு காலி. அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க.

பெரியப்பா: காவ்யா சேர்ந்தது 2023 தானே?

அருண்: ஆமா பெரியப்பா, அந்தச் சாக்கு அவளுக்குச் செல்லாது. அவ மாட்டக்கூடிய இடம் வேற. பயிற்சியில வார்டு, ஐசியூ நேரம் நிறைய. பரீட்சையில குழந்தை எந்த மாசம் என்ன செய்யும், தடுப்பூசி அட்டவணை, வளரிளம் பருவம், புள்ளியியல் எல்லாம் வரும். அதை உட்கார்ந்துதான் படிக்கணும்.

மாலதி: ஜூன் 30 பயிற்சி முடியுது. ஜூலையில புது வேலை.

அருண்: அங்கதான் சித்தி தப்பு நடக்குது. வீடு மாத்தி, புது வேலையில சேர்ந்து, படிப்பு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிடும். முடிஞ்சா வேலையை நவம்பர்ல ஆரம்பிக்கச் சொல்லுங்க. தினம் 25 கேள்வி போட்டு, தப்பானதை மறு வாரம் திரும்பப் போடணும். பரீட்சை ஒரே நாள், நாலு பகுதி, ஒவ்வொண்ணும் ஒண்ணே முக்கால் மணி நேரம். வருஷத்துக்கு ஒரு தடவைதான். விட்டா அடுத்த அக்டோபர்.

கிஷோர்: மெசேஜும் நாலு பகுதி

லலிதா அத்தை: ஃபெயிலானா வேலை போயிடுமா? சம்பந்தி வீட்ல கேப்பா.

அருண்: போகாது. டாக்டரா வேலை பார்க்கற லைசென்ஸ் வேற, ஸ்பெஷலிஸ்ட்னு சான்று தர்ற போர்டு வேற. பயிற்சி முடிச்சு 7 வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணினா போதும். ஆனா சில ஆஸ்பத்திரிகள்ல அதைவிடக் கம்மியாத்தான் டைம் தருவாங்க, ஒப்பந்தத்தைப் பார்க்கணும்.

பெரியப்பா: அப்ப பரீட்சை முடிஞ்சு ஒரு வாரத்துல கல்யாணம்னா?

மாலதி: பிளவுஸ் அளவு யார் குடுக்கறது 🙄

அருண்: கல்யாணத்தைத் தாங்கிக்கலாம். அதுக்கு முன்னாடி மூணு மாசம் புடவை வீடியோ கால்தான் தாங்காது.

லலிதா அத்தை: என் பொண்ணு கல்யாணத்துக்கும் இப்படித்தான் கடைசியில தேதி மாத்தினீங்க. யாருன்னு சொல்லலை.

பெரியப்பா: அது மண்டபத்துக்காரன் பண்ணினது.

லலிதா அத்தை: ரசமும் அவன்தான் ஆறவச்சானா?

கிஷோர்: இந்தத் தடவை சமையல் யாரு?

மாலதி: திருவையாறு ஆளைக் கேட்டிருக்கேன்

லலிதா அத்தை: அவன் அவியல்ல தண்ணி விடுவான்

காவ்யா: டூட்டில இருக்கேன். ஐப்பசி, தை எதுன்னாலும் சரி. ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் என்னை எதுவும் கேக்காதீங்க 🙏

பெரியப்பா: தையில மண்டபம் இருக்கான்னு கேக்கறேன். ஐப்பசியை இன்னும் விடலை.

லலிதா அத்தை: அப்ப தலை தீபாவளி?