குன்னூர் பைக் பயணம்: பூக்களைப் படமெடுக்க எந்த நேரம் நல்லது?

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து பைக்கில் குன்னூர் போகிறேன், கையில் போன் கேமரா மட்டும்தான். போன முறை சிம்ஸ் பூங்காவில் மதியம் எடுத்த பூக்கள் எல்லாம் வெளிறிப் போய்விட்டன. என்ன செய்யலாம்?

பதில் 1: உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலையில் மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் பரவி விழும், இதழின் நரம்பு வரை தெரியும். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

பதில் 2: 1874இல் உருவான பூங்கா அது, பூக்களோடு நின்றுவிடாமல் அந்தப் பழைய மரங்களின் பட்டையையும் கிட்டப் போய்ப் பாருங்கள், எனக்கு அதுதான் உயிர். அப்புறம், குன்னூர் போகும் வழியில் வரும் பர்லியாறு என்ற ஊரில் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் மரங்கள் அங்கே உண்டு.

கேள்வி கேட்டவர்: சரி, விடியும்போதே கிளம்பிவிடுகிறேன். மரப்பட்டை எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி!