வள்ளி கும்மியை மெய்நிகர் களத்தில் இயற்றும்போது பின்பாட்டு பின்தங்குவது ஏன்?

நொய்யல்கரை:
வணக்கம். மெய்நிகர்க் கண்ணாடி (VR) அணிந்தவர், வள்ளி–முருகன் கதையைப் பாடி ஆடும் கொங்கு நாட்டுக் கும்மியான வள்ளி கும்மியில் ஆசிரியரின் இடத்தில் நின்று பாட்டின் ஓர் அடியைப் பாட, சுற்றிலும் ஆடும் கணினி உருவங்கள் அதை வாங்கிப் பாடும்படி ஒரு குரலிசைப் படைப்பை இயற்றி வருகிறேன். வாங்கிப் பாடும் இடங்கள் சரியாக அமைகின்றன. பாடுபவரோடு சேர்ந்து பாட வேண்டிய இடங்களில்தான் உருவங்களின் குரல் பின்தங்குகிறது. வேகமான கணினி வாங்கினால் தீருமா, இசையமைப்பையே மாற்ற வேண்டுமா?

காங்கேயத்தார்:
கணினியை மாற்றுவதால் ஓரளவே பயன் உண்டு. ஆணின் தாழ்ந்த குரல் 100 ஹெர்ட்ஸ் என்று கொண்டால் ஓர் அலை முடியவே 10 மில்லிநொடி ஆகும். பாடுபவரின் குரலைக் கேட்டு அதன் சுருதியைக் கண்டறியும் நிரல் பொதுவாக இரண்டு அலைகளையாவது பார்த்தாக வேண்டியிருப்பதால், எவ்வளவு வேகமான கணினியானாலும் 20 மில்லிநொடி அங்கேயே போய்விடுகிறது. (ப்ளூடூத் ஹெட்போன் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அதன் தாமதத்துக்கு முன் இந்தக் கணக்கெல்லாம் ஒன்றுமேயில்லை.) ஊர்க் களத்திலும் தாமதம் உண்டு: 10 மீட்டர் அகலமுள்ள வட்டத்தில் எதிர்ப்புறக் குரல் வந்துசேர ஏறத்தாழ 29 மில்லிநொடி ஆகிறது. ஆனால் அங்கே அடுத்த தட்டு எப்போது விழும் என்பது ஆடுபவர் அனைவருக்கும் முன்பே தெரியும். ஆகவே, சேர்ந்து பாடும் இடங்களில் உருவங்கள் குரலைக் கேட்டுத் தொடங்காமல் தாளத்தைக் கொண்டு தொடங்கட்டும். எந்த அடியைப் பாடுவது என்பதை மட்டும் பாடுபவரின் குரல் தீர்மானிக்கட்டும்.

பவானிக்கூடல்:
இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஒலிப்பதிவை இருபது உருவங்களுக்கும் கொடுத்தால் அது குழுப்பாட்டாகக் கேட்காது. ஒரே குரல் உரத்து ஒலிக்கும், அல்லது தகரத்தில் பட்டதுபோல் கேட்கும். உங்கள் ஊரில் கும்மி ஆடுபவர்களையே தனித்தனியாகப் பாடவைத்துப் பதிந்து, ஒவ்வொரு குரலையும் அதற்குரிய உருவம் நிற்கும் திசையில் பொருத்துங்கள். தலையைத் திருப்பினாலும் குரல் அந்த உருவத்தோடே நிற்க வேண்டும்.

அவிநாசி வாசகர்:
காங்கேயத்தார் ஐயா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். தாளத்தைக் கடிகாரம்போல் நிலையாக வைத்துவிட்டால், கும்மியின் நடையை ஆசிரியர் மெல்ல மெல்ல விரைவாக்கும் உரிமை போய்விடும். அந்த உரிமை இல்லாதவரை ஆசிரியர் என்பது பெயரளவில்தான். பாடுபவர் இரு கைகளிலும் பிடித்திருக்கும் கட்டுப்படுத்திகளின் அசைவிலிருந்து கைத்தட்டை அறிந்து, கடைசி நான்கைந்து தட்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தின் சராசரியைக் கொண்டு அடுத்த தட்டை முன்கூட்டியே கணிக்கலாம். வேகம் திடீரென மாறினால் ஒரு சுற்று தடுமாறத்தான் செய்யும். புதிதாகக் கும்மி பழகுபவர்களும் அப்படித்தானே தடுமாறுகிறார்கள்.