லைன் பிரீடிங் சிக்லிடுக்கு எந்த மேசை?

செம்மயில்
"ஒரே இனத்துக்குள்ள தேர்ந்தெடுத்து வளர்த்த (லைன் பிரீடிங்) எந்த சிக்லிட் மீனும் ஹைப்ரிட்தான், கண்காட்சியில கலப்பு மீனான ஃபிளவர்ஹார்ன் மேசையிலதான் வைக்கணும்"னு பாறையிடுக்கு எழுதியிருக்கார். இதுக்கு மேல சும்மா இருக்க முடியாது. கான்விக்ட்ங்கிற பட்டை போட்ட சிக்லிடோட பிங்க் வகையை எடுத்துக்குங்க. கறுப்பு நிறமி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். சாதாரண கான்விக்ட்டோட ஜோடி போட்டா குஞ்சு எல்லாம் பட்டையோட வரும். அந்தக் குஞ்சுகளையே தங்களுக்குள்ள சேர்த்தா நாலுக்கு ஒண்ணு பிங்க். இதுல ரெண்டாவது இனம் எங்க இருக்கு? யுரேகா பீகாக்கும் ஆலனோகாரா (பீகாக்) பேரினத்துல ஜேக்கப்ஃப்ரைபெர்கிங்கிற இனத்துல சிவப்பு அதிகமுள்ள ஆண்களைத் தலைமுறை தலைமுறையா எடுத்து வந்ததுதான்.

பாறையிடுக்கு
கான்விக்ட் கதையெல்லாம் இருக்கட்டும். ஆரஞ்சுத் திட்டு உள்ள ஓபி பீகாக் எங்கிருந்து வந்தது? மலாவி ஏரியில எந்த ஆலனோகாராவுக்கும் அந்த ஆரஞ்சுத் திட்டு கிடையாது. அதே ஏரியில பாறையில பாசி சுரண்டுற எம்புனா சிக்லிடுக்குத்தான் உண்டு, அதுவும் பெரும்பாலும் பெட்டைக்கு. திட்டுக்குக் காரணம் பாக்ஸ்7 மரபணுன்னும், அது பெட்டையாக்குற மரபணுவோட ஒட்டியே கைமாறுதுன்னும் 2009ல சயன்ஸ் இதழ்ல வந்தாச்சு. அந்தத் திட்டு பீகாக் உடம்புக்குத் தானா நீந்தி வந்துச்சா? ஆனா நுழைவுப் படிவத்துல அதுக்கும் "லைன் பிரெட்"னுதான் எழுதுறாங்க.

செம்மயில்
ஓபி பத்தி நான் ஒரு வார்த்தை பேசலையே.

பாறையிடுக்கு
பேச மாட்டீங்க. அங்கதான் வலிக்குது.

பச்சைப்பாசி
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. ஓபி கலப்புன்னே வச்சுப்போம். முதல் கலப்புல எம்புனா பங்கு 50 சதவீதம். அதைச் சுத்தமான பீகாக்கோட திருப்பிச் சேர்த்தா 25, அடுத்தது 12.5, அப்புறம் 6.25, 3.1, 1.6. அஞ்சு தடவை திருப்பிச் சேர்த்த மீனை இன்னும் ஹைப்ரிட்னு ஒதுக்கணுமா? மலாவி இனங்களுக்கு நடுவுல சராசரி மரபணு வித்தியாசமே 0.1லிருந்து 0.25 சதவீதம்தான்னு 2018ல வந்த ஆய்வு சொல்லுது.

பாறையிடுக்கு
நண்பரே, கணக்கு சரி, மீன் தப்பு. அந்த 1.6 மொத்த மரபணுவுக்கான சராசரி. ஒவ்வொரு தலைமுறையிலயும் நீங்க திட்டு உள்ள குஞ்சைத்தானே எடுத்து வைக்கிறீங்க? அப்போ பாக்ஸ்7 இருக்கிற துண்டும், அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டின எம்புனா துண்டும் கழியவே கழியாது. நடுவருக்குக் கண்ணுல படுறது அந்தத் திட்டுதான். எம்புனாகிட்ட கடன் வாங்கின அழகுக்குப் பீகாக் வகுப்புல மார்க் போடுறது நியாயமா?

சோதிக்கவும் வழி இருக்கு. ஆலனோகாராவுக்குக் கீழ்த்தாடையில பெரிய குழிகள் இருக்கும். மணலுக்குள்ள புழு அசையுறதை அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். எம்புனாவுக்கு அவ்வளவு பெருசா இருக்காது. பாசி சுரண்டுற மாதிரி முன்பல் ரெண்டு முனையா இருக்கும். மீனை ஈரக்கையில பிடிச்சு, லென்ஸ் வச்சுத் தாடைக்கு அடியில பாருங்க. குழி சுருங்கி வாய் கீழ இறங்கியிருந்தா படிவத்துல எழுதினது பொய்.

செம்மயில்
இப்ப நீங்களே என் பக்கம் பேசுறீங்க! தாடையைப் பார்த்து ஓபியைத் தனியா பிரிக்க முடியும்னா, யுரேகாவை எதுக்கு அதே மேசைக்குத் தள்ளுறீங்க? லைன் பிரீடிங் கலப்புக்கு நேரெதிர். அண்ணன் தங்கையை அஞ்சு தலைமுறை சேர்த்தா உள்ளினக் குணகம் (நெருங்கின உறவுல சேர்த்ததோட அளவு, உச்சம் 1) 0.67க்குப் போயிடும். அதோட குறைகளே வேற: முட்டை குறையும், செவுள் மூடி சுருளும், முதுகு வளையும். கலப்புல ரெண்டாம் தலைமுறையில பல், தாடை, பட்டை எண்ணிக்கை எல்லாம் தாறுமாறா சிதறும். இந்த ரெண்டுக்கும் ஒரே பேரா?

பாறையிடுக்கு
குழி பெருசா இருந்தா சுத்தம்னு நான் சொல்லவே இல்ல. நாலஞ்சு தடவை திருப்பிச் சேர்த்ததுல குழி பீகாக் மாதிரியே வந்துடும், திட்டு மட்டும் நிக்கும். சோதனையில தோத்தா நிச்சயம் கலப்பு. ஜெயிச்சா ஒண்ணும் நிரூபணமாகல. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எடுத்தாலும் தாய்வழி மட்டும்தான் தெரியும். தாய் வழியில பீகாக் இருந்தா "சுத்தம்"னு சீட்டு வந்துடும். அதனாலதான் சொல்றேன், நிரூபிக்க முடியாதது எல்லாம் ஒரே மேசை. ஓபி பீகாக்குக்குப் பதில் இன்னும் வரல.

மூணாம்தொட்டி
ஓபி, ஓபின்னு எத்தனை தடவை? கலப்பு திட்டம் போட்டு மட்டும் வர்றதில்ல. ஒரே தொட்டியில மூணு வகை பீகாக் பெட்டைகளை விட்டா, எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, எல்லாம் சாம்பல். மலாவி சிக்லிட்ல ஒரே பெட்டை வாயில அடைகாக்குற குஞ்சுகளுக்கு ஒண்ணுக்கு மேற்பட்ட அப்பா இருக்கிறது ஆய்வுல பதிவானது. வகைக்கு ஒரு தொட்டி, ஒரு ஆண், அஞ்சு பெட்டை, மூணு வாரம் கழிச்சு வாயிலிருந்து குஞ்சை எடுத்துத் தனியா வளர்க்கணும். இதைச் செய்யாதவங்களோட யுரேகாவும் சந்தேகம்தான்.

அதைவிட, 4 சென்டிமீட்டர்லயே முழு நிறத்தோட மேசைக்கு வர்ற மீனை யாரும் கேக்குறதில்ல. பீகாக் அந்த அளவுல சாம்பலாத்தான் இருக்கணும். தீவனத்துல மெத்தில் டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்தா பெட்டைகூட நீலமாகும். மருந்தை நிறுத்தினா மங்கிடும். முதல்ல அதைத் தடுங்க.

செம்மயில்
ஹார்மோனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சிவப்பு வரிசை வளர்க்கிறவங்க மேல மறைமுகமா பழி போடுறீங்க. வருத்தமா இருக்கு.

மூணாம்தொட்டி
யார் பேரையும் நான் சொல்லல. உங்களுக்கு ஏன் உறுத்துது?

பச்சைப்பாசி
எலெக்ட்ரிக் ப்ளூ அகாராங்கிற நீல சிக்லிட் பத்தின விவாதத்துலயும் இதே கூத்துதான். ராம்ங்கிற இன்னொரு சிக்லிடோட கலப்புன்னு பாறையிடுக்கு அடிச்சுச் சொன்னார். ரெண்டும் வேற வேற பேரினம், முட்டை பொரிச்சு வளமான குஞ்சு எப்படி வரும்னு கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

பாறையிடுக்கு
"இருக்கலாம்"னுதான் சொன்னேன், "அடிச்சு" இல்ல. பழைய இழையைத் திறந்து பாருங்க. பேரினம் வேறன்னா கலக்காதுன்னு யார் சொன்னது? பிளட் பேரட்ங்கிற சிக்லிடும் பேரினம் தாண்டின கலப்புன்னுதான் எல்லாரும் ஒத்துக்கிறாங்க.

பச்சைப்பாசி
பிளட் பேரட் ஆண்ல பெரும்பாலானது மலடு. பெட்டை முட்டை போடும், வெள்ளையாகி பூஞ்சை பிடிச்சுப் போகும். அகாரா அப்படியா இருக்கு? ஜோடியா முட்டை வச்சு, காவல் காத்து, குஞ்சு வளர்க்குது. இதைத்தான் அன்னிக்கும் கேட்டேன்.

பாறையிடுக்கு
அகாராவுக்குத் தனி இழை இருக்கு, அங்க வாங்க. இங்க நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஓபி பீகாக்கோட திட்டு எந்த ஆலனோகாராவிலிருந்து வந்தது? ஏரியில எந்தக் கரை, எந்த இனம்? ஒரு பேர் சொல்லுங்க.

செம்மயில்
ஓபி வளர்க்கிறவங்ககிட்ட கேளுங்க. என் கேள்வி யுரேகா பத்தி. நாலு நாளா அதையே கேக்குறேன்.

பாறையிடுக்கு
பேர் வரல. குறிச்சு வச்சுக்கறேன்.