இணைய வெண்பலகைக் கூட்டத்தில் எல்லோரையும் பங்கேற்க வைப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் மென்பொருள் குழுவினர் சென்னையிலும் டொராண்டோவிலும் இருந்து பணிபுரிகின்றனர். கட்டணம் செலுத்தும் வசதியை மாற்றியமைப்பதற்காக வாரந்தோறும் மிரோ என்னும் இணைய வெண்பலகையில் கூடுகிறோம். மூத்தவர்கள் இருவரே பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பலகை ஒட்டுத்தாள்களால் நிறைந்தாலும் என்ன முடிவாயிற்று என்பது தெளிவாவதில்லை. இதைச் சீராக நடத்த அனுபவமுள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வணக்கம். பேசுவதற்கு முன் எல்லோரும் எழுதட்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், தம் முறைக்காகக் காத்திருப்பவர்களின் யோசனைகள் தடைபடுகின்றன என்பதை உளவியலாளர்கள் டீல், ஸ்ட்ரோபே ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆறு பேர் ஆளுக்கு மூன்று யோசனைகளை ஐந்து நிமிடத்தில் எழுதி, தாளை அடுத்தவருக்குக் கொடுக்கும் 6-3-5 முறையை ஜெர்மானியரான ரோர்பாக் 1968இலேயே முன்வைத்தார். மிரோவின் பிரைவேட் மோடில், அதை நிறுத்தும்வரை ஒருவர் எழுதுவது பிறருக்குத் தெரியாது. ஆகவே மூத்தவர் எழுதியதைப் பார்த்து மற்றவர்கள் தயங்கவோ அதையே திருப்பி எழுதவோ இடமில்லை. பிறகு யோசனைகள் மீது வாக்கெடுங்கள்; அதற்குப் பின்னரே மூத்தவர்கள் பேசட்டும்.

மறுமொழி 2:
மேற்சொன்னது சரியே, ஆயினும் அந்த எழுத்துவேலையைக் கூட்டத்திற்குள் வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நமது மாலை 6.30 மணி டொராண்டோவில் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் காலை 8. இரு தரப்பும் விழிப்போடு சேர்ந்திருக்கும் அந்தச் சிறு பொழுதை விவாதத்திற்கே ஒதுக்குங்கள்; பலகையை முந்தைய நாளே திறந்து வைத்தால் அவரவர் தம் பகலில் எழுதிவிடலாம்.

அதைவிட முக்கியம், பலகையில் நீங்கள் எழுதி வைக்கும் கேள்வி. "கட்டண வசதியை எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் பொதுப்படையான பதில்களே வரும். "வங்கி பணத்தைப் பிடித்துவிட்டது, ஆனால் ஆர்டர் பதிவாகவில்லை, அப்போது வாடிக்கையாளரின் திரையில் என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கும் அதில் சொல்ல ஏதேனும் இருக்கும். கேள்வியும் கட்டங்களும் தவறுதலாக நகராதபடி லாக் செய்துவிடுங்கள்.

மறுமொழி 3:
கடைசிப் பத்து நிமிடங்களில் புதிய யோசனை எதையும் ஏற்காதீர்கள். முடிவானவற்றைத் தனிக் கட்டத்திற்கு நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரின் பெயரையும் தேதியையும் எழுதி, அன்றே பணிகளைக் கண்காணிக்கும் ஜிரா மென்பொருளில் பதிவிடுங்கள். பலகையை பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுளின் வெண்பலகைச் சேவையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது போல எந்தச் சேவையும் நிறுத்தப்படலாம்.