புதுப்பிப்பு: .30-06 ஆக்லி இம்ப்ரூவ்டு, சேம்பரில் சிக்கிய கூடு சரியாகிவிட்டது

என் .30-06 ஆக்லி இம்ப்ரூவ்டு (சாதாரண .30-06 தோட்டாக் கூட்டின் பக்கங்களை இன்னும் நேராக்கிய வகை) ரைஃபிளில், சுட்ட பிறகு வெற்றுக் கூடு சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) விட்டு வெளியே வராமல் போல்ட் (சேம்பரைத் திறந்து மூடும் பாகம்) இறுகுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எக்ஸ்ட்ராக்டரை (கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி) மாற்றினேன், பயனில்லை. தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்ததும் கொஞ்சம்தான் இளகியது. "சேம்பர் சுவரைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. கூட்டின் நடுவே நகம் தட்டுப்படும் அளவுக்கு மெல்லிய மேடு. சேம்பரில் அதே இடத்தில் ரீமர் (சேம்பரைக் குடையும் கருவி) கீறிய வளையம். அதை மெருகேற்றிய பின் 40 தோட்டா சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. மெருகேற்றுவதற்கு முன், சாதாரண .30-06 தோட்டாவும் இதில் சிக்கியது. வெடித்ததும் அது சேம்பரின் வடிவத்துக்கே விரிந்துவிடுகிறதே! .300 ஹாலண்ட் & ஹாலண்ட் தோட்டா போல, முனையை நோக்கிப் பக்கங்கள் சரியும் கூடு சற்றுப் பின்னே நகர்ந்தாலே சுவரைவிட்டு விலகும். ஆக்லி கூட்டின் பக்கங்கள் கிட்டத்தட்ட நேர் என்பதால் உரசிக்கொண்டேதான் வரும்.